என் மோட்டாருக்கு என் நம்பர்

போன் இல்லாமல் என்னால் ஒரு நாழிகை இருக்க முடியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. குளிக்கப் போனால் அது துவைக்கிற கல்லின் மேல் இருக்கும். சமைக்கும்போது மிளகாய் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். மற்ற நேரமெல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றி இடுப்பில் செருகியிருப்பேன். கை அடிக்கடி தானாகப் போய் அங்கே தடவிப் பார்த்துக்கொள்ளும். போன பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து வந்த என் மகன் இதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது ஒரு சீக்கு. போன் பக்கத்துல இல்லீன்னா பயந்துக்கறது. டாக்டருங்க இதுக்குப் பேரெல்லாம் வெச்சிருக்கறாங்க" என்று ஒரு வீடியோவைக் காட்டினான். அதைக் காட்டியதும் போனில்தான். எனக்கு வந்ததே ஆத்திரம். "சீக்குன்னா சீக்காவே இருந்துட்டுப் போகட்டும், போ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

என்னுடையது பட்டன் வைத்த பழைய போன். அதில் வீடியோவும் வராது, ஒன்றும் வராது. அதில் நான் செய்கிற முக்கியமான வேலை ஒன்றே ஒன்றுதான். கிணற்று மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும். பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தோட்டம். வீட்டிலிருந்து கிணற்றுக்குத் தென்னைகளைத் தாண்டி நல்ல தூரம் நடக்க வேண்டும். மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கிறது. அதற்குள் ஒரு சிம் உண்டு. அந்த நம்பருக்கு, பெட்டியில் பதிந்து வைத்திருக்கிற என் நம்பரிலிருந்து கூப்பிட்டு ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், பூஜ்யத்தை அழுத்தினால் நிற்கும். கோயமுத்தூரில் செய்த பெட்டி, ஆகவே தமிழில்தான் பேசும். "மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று ஒரு பெண் குரல் அடக்க ஒடுக்கமாகச் சொல்லும். எங்கள் குடும்பத்தில் என் சொல்லுக்கு மறுபேச்சில்லாமல் கட்டுப்பட்ட ஒரே பிறவி அதுதான்.

இந்தப் போனால் எனக்கு வந்த கெட்ட பேரும் கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை ஒறம்பரைச் சொந்தத்தில் ஒருவர் இறந்துபோனார். இழவு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் வற்றியபின் ஓடினால் மோட்டார் புகைந்துவிடும். மெல்ல முந்தானைக்குள் வைத்து நம்பரை அழுத்தினேன். ஸ்பீக்கர் எப்படியோ போட்டபடி இருந்திருக்கிறது. எல்லாரும் அழுது ஓய்ந்து மூச்சு விட்ட நேரம் பார்த்து, "மோட்டார் நிறுத்தப்பட்டது" என்று அந்தக் குரல் கணீரென்று சொல்லிற்று. பிணத்தின் தலைமாட்டில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஊர்ப் பெண்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், என் மோட்டார் அன்றைக்குப் பிழைத்தது.

ஒரு சுவிட்சுக்கு இவ்வளவு பயப்படுவானேன், நடந்து போய்க் கையால் போட்டால் ஆகாதா என்று கேட்கலாம். கேட்கிறவர்கள் எங்கள் மோட்டார் ரூமின் சாவி எங்கே தொங்கியது என்று தெரியாதவர்கள். கிணறு பொதுக் கிணறு. என் வீட்டுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் பாகம் பிரிந்தபோது நிலம் பிரிந்தது, கிணறு பிரியவில்லை. மோட்டார் ஆளுக்கொன்று, ரூம் ஒன்று, பூட்டு ஒன்று, முறை ஒருநாள் விட்டு ஒருநாள். என் வீட்டுக்காரர் இருந்தவரை சாவி எங்கள் வீட்டில் பாதி நாள், அங்கே பாதி நாள் என்று போய் வந்துகொண்டிருந்தது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு சாவி என் கொழுந்தனார் வீட்டுக் காலண்டர் ஆணியிலேயே தங்கிவிட்டது.

நான் கேட்காமலில்லை. "நமக்கும் ஒரு சாவி போட்டுக்கலாமுங்க" என்றேன். கொழுந்தனார் சிரித்தபடி சொன்னார். "ஒரு பூட்டுக்கு ரெண்டு சாவி எதுக்குங்க நங்கை? நாம என்ன வேத்தாளா?" எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மனுசன் என்னிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை, மரியாதை குறைத்ததில்லை. இல்லை என்ற சொல்லே அவர் வாயில் வராது. என் முறை நாளில் காலையில் அவர் வாசலில் போய் நிற்பேன். அவர் மனைவி எட்டிப் பார்த்து, "குளிக்கறாருங்கக்கா, வந்து போட்டு உடறேன்னாரு" என்பாள். அப்புறம் சாப்பிடுவார். அப்புறம் யாராவது வந்துவிடுவார்கள். பத்து மணி வெயிலில் போட்டு விடுவார். சில நாள் மறந்தே போய்விடுவார். நான் இறைக்காத தண்ணீர் கிணற்றில் அப்படியே இருக்கும், மறுநாள் அவருடைய தென்னைக்குப் போகும். இதில் யாரை என்னவென்று சண்டை போடுவது? எல்லாமே தேன் ஒழுகுகிற பேச்சு.

"சாவியை என்கிட்டக் குடுங்க, நானே போட்டுக்கறேன்" என்றும் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். அதற்கு வீடே பதறியது. எங்கள் குடும்பத்துப் பெண்கள் ஸ்டார்ட்டரைத் தொடுவதில்லை. உர மூட்டை தூக்கலாம், மருந்து அடிக்கலாம், நாளெல்லாம் களை வெட்டலாம், அந்தப் பச்சைப் பட்டனை மட்டும் அழுத்தக் கூடாது, ஷாக் அடித்துவிடுமாம். கரண்டுக்கு ஆண் பெண் தெரியுமா? இன்னொன்றும் சொன்னார்கள். ரூமின் உள்மூலையில் கன்னிமார் சாமிக் கல் ஏழும் இருக்கிறது, தீட்டு நாளில் பெண்கள் அங்கே கால் வைக்கக் கூடாது, எந்த நாளென்று யார் கணக்குப் பார்ப்பது, எதற்கு வம்பு, எப்போதுமே வேண்டாம். எனக்கு அந்தத் தொல்லையெல்லாம் நின்று வருசங்களாகியும் அந்தச் சாக்கு மட்டும் நிற்கவில்லை.

அதனால்தான் அந்தப் பெட்டி வந்தது. கொழுந்தனாரின் மோட்டார் பழுதாகி மெக்கானிக் வந்து ரூம் திறந்திருந்த ஒரு நாளில், அதே மெக்கானிக்கிடம் "என்ற மோட்டாருக்கு அந்தப் போன் பெட்டி ஒண்ணை மாட்டி உடுங்க" என்று சொல்லிவிட்டேன். கொழுந்தனார், "போன்ல மோட்டாரா? நடக்கட்டும் நடக்கட்டும்" என்று சிரித்தார். ஏதோ விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் என் முறை. நான் வீட்டு வாசலில் நின்றுகொண்டே ஒன்றை அழுத்தினேன். விடிந்தும் விடியாத நேரத்தில் தென்னைகளுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நான் அழுதுவிட்டேன். அன்றிலிருந்து அவர் வாசலை மிதிக்கவில்லை. அடுத்த விதைப்புப் பட்டத்திலேயே துணிந்து பாகற்காய்ப் பந்தல் போட்டேன்.

அதற்கப்புறம் கொழுந்தனார் ஒரு பேச்சை ஆரம்பித்தார். "அந்தப் பொட்டியில என்ற நம்பரையும் போட்டு வெச்சுருங்க நங்கை. ஆத்திர அவசரத்துக்கு ஆகுமல்ல?" பார்க்கும்போதெல்லாம் கேட்பார். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார். "உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பாடு? நெலத்தை எங்கிட்டயே உட்டுருங்க, நான் சேத்திப் பண்ணிக்கறேன்." தண்ணீர் அவர் கைக்குப் போனால் நிலம் எவ்வளவு நாள் என் கையில் இருக்கும் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். நான் சிரித்து மழுப்பிவிட்டு இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். மகன் சீக்கு என்று சொன்னது அந்தத் தடவலைத்தான்.

அப்புறம் அந்த நாள் வந்தது. கோடை. பந்தல் முழுக்கப் பூவும் பிஞ்சுமாக நின்றது. இந்தச் சமயத்தில் ஒரு முறை தண்ணீர் தவறினால் பிஞ்செல்லாம் மஞ்சள் பாய்ந்து கொட்டிவிடும். காலையில் நானும், என்னோடு பந்தலில் வேலை செய்கிறவளும் கிணற்றடிக்குப் போனோம். அவள் என்னைவிடக் கொஞ்சம் இளையவள், நான் பந்தல் போட்ட நாளிலிருந்து கூட இருக்கிறாள். தண்ணீர் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்கக் கிணற்று மதிலில் குனிந்தேன். இடுப்பில் ஏதோ நழுவியது. கை போய்ச் சேர்வதற்குள் கீழே 'தொப்' என்றது. அவ்வளவுதான். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை.

"அட கெரகமே!" என்றாள் அவள். மகன் காட்டிய வீடியோவில் சொன்ன சீக்கின் அறிகுறியெல்லாம் ஒன்று விடாமல் எனக்கு வந்தது. எனக்குப் போன் போனது பெரிதாகத் தெரியவில்லை. அந்த வாசலும், காலண்டர் ஆணியும், "குளிக்கறாருங்கக்கா" என்ற குரலும்தான் கண்முன் வந்து நின்றன.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் புத்தி வேலை செய்தது. அவளுடைய போனை வாங்கி மோட்டார் நம்பரை அழுத்தினேன். என் மகன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை, மோட்டார் நம்பர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தக் குரல் எடுத்தது. "உங்கள் எண் பதிவு செய்யப்படவில்லை" என்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் பேசிப் பழகின குரல்! "அட, நாந்தானுங்க! நாந்தான் பேசறேன், என்ற போன் கெணத்துல உழுந்துருச்சு!" என்று கத்தினேன். அது மறுபடியும் அதையே சொல்லிவிட்டுக் கட் பண்ணிவிட்டது. "அக்கா, மிசினுகிட்டயா ஞாயம் கேக்கறீங்க?" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

நான் எடுக்காவிட்டால் மகன் அவளுக்குத்தான் கூப்பிடுவான், ஆகவே அவன் நம்பர் அவளிடம் இருந்தது. கூப்பிட்டோம். விசயத்தைக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்.

"சிம்மு என்ற பேர்ல இருக்குதும்மா. புதுசு வாங்கோணும்னா நாந்தான் வரோணும். சனிக்கிழமை வர்றேன்."

"அதுவரைக்கும் தண்ணி?"

"சித்தப்பாகிட்டச் சொல்லு. மெக்கானிக்கை வெச்சுச் சித்தப்பா நம்பரைப் போட்டுட்டா முடிஞ்சுது. நானே அவருக்குப் பேசிடறேன். நீ மொதல்ல மூச்சு உடு. பாரு, எப்படி எளைக்குது உனக்கு. இதைத்தான் நான் சீக்குன்னு சொன்னேன்."

பெற்ற பிள்ளை. அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்பைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிம் அவன் பேரில், சாவி அவர் ஆணியில், இனி நம்பரும் அவருடையது. ராத்திரி பகலாக அந்தப் பந்தலில் கிடக்கிறவளுக்கு என்னதான் மிச்சம்? போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

கொழுந்தனார் வண்டியில் வந்து இறங்கினார். மகன் அதற்குள் பேசிவிட்டிருக்கிறான்.

"ஏனுங்க நங்கை, போனு கெணத்துல உழுந்துருச்சாமா? வெசனப்படாதீங்க. மெக்கானிக்குகிட்டச் சொல்லிட்டேன், பொழுதோட வர்றான். என்ற நம்பரைப் போட்டு உட்டர்றேன். இனி நீங்க ஊட்ல இருந்து ஒரு சத்தம் குடுத்தாப் போதும்."

"இன்னைக்கு என்ற முறைங்க. இப்ப சாவி குடுங்க" என்றேன்.

"சாவி ஊட்லயல்ல இருக்குது. பொழுதோட எப்படியும் தொறப்பம், அப்பப் பாத்துக்கலாம்."

"பொழுதோட தண்ணி கட்டுனா இன்னைக்கு வெயில்ல பிஞ்சு நிக்குமாங்க?"

"ஒருநாள்ல என்னங்க ஆயிரும்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு. அதுமட்டும் இல்லாதிருந்தால் நான் ஒருவேளை சாயங்காலம்வரை பொறுத்திருப்பேன். பந்தல்கால் நடுகிற கடப்பாரை வரப்போரம் கிடந்தது. போய் எடுத்தேன். கூட நின்றவள், "அக்கா, செருப்பைப் போட்டுக்கோங்க, கையை நல்லாத் தொடைச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னாள். நான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கதவுக் கொண்டிக்குள் கடப்பாரையைச் செருகி நெம்பினேன். பூட்டு நல்ல பூட்டு, உடையவில்லை. உளுத்துப்போன மரத்திலிருந்து கொண்டிதான் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. பூட்டு பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருக்க, கதவு திறந்துகொண்டது.

"நங்கை! நங்கை! என்ன பண்றீங்க? உள்ள கன்னிமார் இருக்குது, பொம்பளைங்க போகக் கூடாதுங்க!" அந்த மனுசன் குரலை உயர்த்தி அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

"கன்னிமாரும் பொம்பளைங்கதானுங்க" என்றேன். "ஏழு பேரும் உள்ளதானே இருக்கறாங்க? எட்டாவதா நானும் போறேன்."

உள்ளே ஒரே ஒட்டடை. ஏழு கல்லும் மூலையில் சந்தனம் காய்ந்து உட்கார்ந்திருந்தன. பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். போன் பெட்டியை விட்டுக் கையால் போடுவதற்கு மாற்றுகிற திருகு சுவிட்சை, மெக்கானிக் மாட்டும்போது சன்னல் வழியாகப் பார்த்து வைத்திருந்தேன். திருகினேன். பச்சைப் பட்டன் என் கட்டைவிரல் அகலம்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். தடதடவென்று ரூமே அதிர்ந்தது. கண்ணைத் திறந்தபோது எனக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. இவ்வளவுதானா? இந்த ஒரு அழுத்துக்குத்தானா இத்தனை வருசம் ஒரு வாசலில் போய் நின்றேன்? அவமானமாக இருந்தது, பொங்கிப் பொங்கிக் கோபம் வந்தது. வெளியே வந்தபோது கொழுந்தனார் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். வாய்க்காலில் தண்ணீர் என் பந்தலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

தண்ணீர் கட்டி முடித்துவிட்டு, சாவியோ மெக்கானிக்கோ வருவதற்குக் காத்திருக்காமல், பஸ் ஏறிக் கொழிஞ்சாம்பாறைக்குப் போனேன். ஒரு பட்டன் போனும் புதுச் சிம்மும் கேட்டேன். போன் கடைக்காரர் என் ஆதாரைப் பார்த்துவிட்டு, "மகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமாங்க?" என்று இழுத்தார். "சிம்மு எனக்குங்க. வெரலும் என்னுதுதான், வைக்கட்டுமா?" என்று கேட்டேன். மனுசன் மறுபேச்சுப் பேசாமல் ரேகை வைக்கிற கருவியை என் பக்கம் தள்ளினார். ஐம்பது வயதைத் தாண்டி முதல்முறையாக ஒரு நம்பர் என் பேரில் வந்தது. திரும்புகிற வழியில் மெக்கானிக்கைப் பார்த்து, பொழுதோடு வர வேண்டாம், மறுநாள் காலையில் நான் இருக்கும்போது வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவர் வந்து பெட்டியைத் திறந்து பழைய நம்பரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். "ரெண்டாவதா இன்னொரு நம்பர் போடலாமுங்க. யாரோடதுங்க? கொழுந்தனாரோடதா?" என்று கேட்டார். நான் பந்தலுக்குள் இருந்தவளைக் கூப்பிட்டு அவள் நம்பரைச் சொல்லச் சொன்னேன்.

"அய்யோ, எனக்கெதுக்குங்கக்கா? ஊரு என்ன பேசும்?"

"நான் செத்துக் கித்துப் போனாப் பந்தலுக்குத் தண்ணி ஆரு கட்டுவா? ஊரா கட்டும்? சொல்லு புள்ளே நம்பரை."

சொன்னாள். மெக்கானிக் என்னை ஒருமாதிரி பார்த்துக்கொண்டே போட்டார். கதவுக்குப் புதுக் கொண்டி அடித்து, புதுப் பூட்டு மாட்டி, ஒரு சாவியைக் கொழுந்தனார் வீட்டுக்கு அவள் கையிலேயே கொடுத்தனுப்பினேன். அவர் பாகத்துத் தண்ணீர் அவருக்கு, அதில் நான் கை வைக்க மாட்டேன். அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. எதிரே வந்தால் வண்டியை வேகமாக விடுகிறார். அந்தத் தேன் பேச்சைவிட இந்த மௌனம் எவ்வளவோ தேவலை.

சீக்கு தீர்ந்ததா என்றால், தீரவில்லை. புதுப் போனும் இடுப்பில்தான் இருக்கிறது, கையும் முன்னைப் போலவே போய்த் தடவிப் பார்க்கிறது. யார் என்ன பேர் வைத்தாலும் வைத்துக்கொள்ளட்டும். காவல் காக்க ஒன்று இருக்கிறவளுக்குக் கை அங்கே போகத்தான் செய்யும்.

சனிக்கிழமை வந்த மகனுக்கு முகம் சரியில்லை. சித்தப்பா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டான்.

"வேலைக்கு வர்றவங்க நம்பரை எல்லாம் போட்டிருக்கறே. என்ற நம்பரையாவது போட்டிருக்கலாமல்லம்மா? நான் அங்கிருந்தே உனக்குப் போட்டு உடுவேன்."

எனக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"நீ அங்கிருந்து போட்டா, நான் இங்க இருந்து உங்கிட்டக் கேக்கோணும் சாமி. ஆருகிட்டயும் கேக்கறாப்பல இனி இல்லை. உனக்குத் தண்ணி கட்டோணும்னு ஆசையா இருந்தா எந்திரிச்சு வா, பச்சைப் பட்டன் எங்க இருக்குதுன்னு காட்டறேன்."